வெம்பக்கோட்டைக்குப் போன ரயில்

அந்த ரயில் எனக்காகத்தான் வாங்கப்பட்டது என்பதை எங்கள் குடும்பத்தில் இன்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

சித்தப்பா லாரி ஓட்டினார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். திரும்பும்போது கம்பளி, பிளாஸ்டிக் வாளி, ஒருமுறை யாருமே கேட்காத ஒரு பித்தளை ஒட்டகம் என்று எதையாவது கொண்டுவருவார். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், டெல்லியில் பழைய சாமான் விற்கும் ஒரு தெருவிலிருந்து எனக்கென்று ஒரு ரயில் செட் வந்தது. ஓர் எஞ்சின், சில பெட்டிகள், வட்டமாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த ஒரு டிரான்ஸ்பார்மர். எல்லாம் இருந்தன. எஞ்சின் மட்டும் ஓடவில்லை.

நான் அழுதேன். சித்தப்பா அதைக் கையில் எடுத்து, லாரி டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்துவிட்டு, டெல்லியில் இருந்த யாரையோ ஹிந்தியில் திட்டினார். சித்திதான் அதை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துச் சக்கரங்களைப் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியின் திருகைக் கழற்றும் சின்ன ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். சக்கரத்து அச்சில் யார் வீட்டுத் தலைமுடியோ இறுகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஊசியால் அதை இழை இழையாக எடுத்தாள். எஞ்சின் தரையில் வட்டமடிக்கத் தொடங்கியது. அந்த நிமிடம் முதல் அது சித்தியின் ரயில் ஆகிவிட்டது. எனக்கு விளையாட அனுமதி இருந்தது, அவ்வளவுதான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் அவளுக்கு வேலை. பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் படங்களை அவள்தான் அமைப்பாள். நாடு முழுவதும் பிள்ளைகள் கிழித்து எறிந்த எத்தனையோ மயில்களும் சிங்கங்களும் சித்தியின் கையிலிருந்து போனவை. அப்படிக் கிழிபடுவதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் கிழிபடாத ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன் வந்தது. பிறகு ஸ்டேஷனுக்கு ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு டீக்கடை, டீக்கடைக்கு முன்னால் ஒரு சைக்கிள். சிவகாசியில் இதற்கெல்லாம் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. அச்சகத்தில் மிஞ்சும் தடித்த அட்டை சுவராகும். பார்சல் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருக்கும் நெளி அட்டை தகரக் கூரையாகும். மரத்தூளில் பச்சை மையைக் கலந்து காயவைத்தால் புல். காலண்டரின் மேல்விளிம்பில் அடிக்கும் தகரப் பட்டையை ஒடித்தால், ரயில் ஓடாமல் சும்மா கிடக்கும் லைனுக்குத் தண்டவாளம். அதன் கீழே போடும் கட்டைகள் மருந்து முக்காத தீக்குச்சிகள். அந்தக் குச்சிகளை வரிசையாக ஒட்டுவது என் வேலை. நான் ஒட்டியவை கோணலாகத்தான் நிற்கும். பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து பார்த்தால் நேராக இருக்கும். பசை காயும்போது அவை தாமாக நிமிர்ந்துகொள்கின்றன என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ரயில் கட்டிலுக்கு ஏறியது. ஒரு தடவை சித்தப்பா வடக்கே போய்விட்டு வந்தபோது அவருடைய கட்டில் முழுவதும் ஒரு கண்மாயும் பனங்காடும் பரவியிருந்தன. களைத்து வந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மேலே ரயில் ஓடினால் லாரியில் தூங்குவதுபோல நன்றாகத் தூக்கம் வருகிறது என்று மறுநாள் எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு போகிற ஊர்களில் எல்லாம் சித்திக்குத் தண்டவாளத் துண்டு தேடுவது அவர் வழக்கமாகிவிட்டது.

தெருவில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சித்தி ரயிலைக் கொண்டுபோனாள். அதைப் பார்த்த ஒரு டீச்சர் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கேட்டார். விருதுநகரில் ஒரு பருப்பு வியாபாரி வீட்டுக் கொலுவில், படிகளைச் சுற்றி ரயில் ஓடி மகாவிஷ்ணுவின் காலடியில் நின்று சென்றது. எங்கே வைத்தாலும் ரயிலை ஓடவிடுவதற்கு முன் சித்தி முட்டிபோட்டு உட்கார்ந்து ஒருமுறை சுற்றிலும் பார்ப்பாள். சேலை முழுக்க அழுக்காகும். அம்மா சத்தம் போட்டால், பெரியவர்கள் மேலே நின்று பார்க்கிறார்கள், பிள்ளைகள் இந்த உயரத்தில்தானே பார்க்கும், அவர்களுக்கு வாசல் தெரிய வேண்டாமா என்பாள். அவள் செய்த வீடுகளின் கதவுகள் எல்லாம் திறக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் கொடியில் துணி காயும்.

அந்தக் கொலுவுக்கு வந்திருந்த ஒரு அண்ணாச்சிதான் பெரிய வேலையைக் கொடுத்தார். பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம். வேலையாட்களின் பிள்ளைகளை ஊரில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மிட்டாய் கொடுப்பார். தீபாவளி முடிந்து, பொங்கலுக்கு முன்னால், கம்பெனி விழாவை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார். வேலையாட்கள் குடும்பத்தோடு வருவார்கள். புது சீசனுக்கு ஆர்டர் கொடுக்க வெளிமாநில வியாபாரிகளும் வருவார்கள். மண்டபத்தின் ஒரு பக்கம் முழுவதும் நம் வட்டாரமே ரயிலோடு இருக்க வேண்டும் என்றார். பிள்ளைகளுக்கு வேடிக்கையாகவும் இருக்கும், வெளியூர்க்காரர்களுக்கு நம் மண்ணைக் காட்டினதாகவும் இருக்கும்.

சித்தி அச்சகத்தில் லீவு சொன்னாள். ஸ்கூட்டரின் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். மல்லாங்கிணறு பக்கம் கரிசல் மண்ணை ஒரு பையில் அள்ளினோம். வைப்பாற்றில் மணல் எடுத்தோம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் நான் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருக்க, சித்தி மொட்டை போட்டவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து மருந்து முக்கிய தீக்குச்சிகளை எடுத்து, மருந்துத் தலையில் மஞ்சள் பூசி, உடம்புக்குத் துணி சுற்றினாள். சந்தனம் தடவிய மொட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. நான் கைதட்டினேன். அவளும் அன்று தன்னை மறந்து கொஞ்சம் கைதட்டினாள்.

இருக்கன்குடிக்கும் வெம்பக்கோட்டைக்கும் ரயில் கிடையாது. சித்தி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. விருதுநகர் ஸ்டேஷனில் புறப்படும் ரயில், மாரியம்மன் கோயிலுக்கு ஆள் இறக்கிவிட்டு, சிவகாசியைச் சுற்றி, வெம்பக்கோட்டை அணைக்கரை வழியாக வீடு திரும்பும்படி லைன் போட்டாள். கவர்மெண்டே போடாத லைன் என்று சித்தப்பா சிரித்தார். மற்றபடி எல்லாம் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். அணையில் எத்தனை மதகு என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

அப்படி ஒரு நாள் அணைக்குப் போய்த் திரும்பும்போது வழியில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே பட்டாசு ஆலை ஒன்று பூட்டிக் கிடந்தது. பட்டாசு ஆலைகளில் எல்லாரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ரூம் என்பார்கள். ஓடி வெளியேற வசதியாக எல்லாப் பக்கமும் வாசல் இருக்கும். அந்த வரிசையில் ஒரு ரூமுக்குக் கூரை இல்லை. சுவர் ஒரு பக்கம் சரிந்து, கருகி, உள்ளே சீமைக்கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது.

வெடித்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புதிய சொல் இல்லை. வகுப்பில் இருக்கும்போதே ஜன்னல் அதிரும். டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார். சில பிள்ளைகளை மட்டும் யாராவது வந்து கூட்டிப்போவார்கள். எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். சித்தி அந்த ரூமைச் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தாள். நான் கூப்பிட்டும் வரவில்லை.

அணையைச் செய்வதைவிட அந்த ஒரு ரூமைச் செய்வதற்குத்தான் அவளுக்கு அதிக நாள் ஆனது. அட்டையைக் கையால் பிய்த்துப் பிய்த்துச் சுவரைச் சரித்தாள். குச்சிகளை எரித்துக் கரியாக்கி விரலால் தேய்த்தாள். உண்மையான சீமைக்கருவேல முள்ளை ஒடித்து உள்ளே நட்டாள்.  மற்ற ரூம்களை எல்லாம் வெள்ளை அடித்து, கூரை போட்டு, வாசலில் மணல் வாளி வைத்து அழகாகச் செய்துவிட்டு இதை மட்டும் ஏன் இப்படி வைக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அங்கே அப்படித்தான் இருக்கிறது என்றாள் சித்தி.

விழா அன்று காலையில் சித்தப்பாவின் லாரியில் எல்லாவற்றையும் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, ஊர்களைப் பொருத்தி, ஒயரை இணைத்து முடிக்கும் நேரத்தில் அண்ணாச்சி வந்தார். ரயில் கிளம்பியது. அவர் கூடவே நடந்தார். மொட்டைத் தலைகளைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிவகாசித் தெருவில் தன்னுடைய கடை போர்டு எழுத்து மாறாமல் இருப்பதைக் கண்டு, பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

"வெம்பக்கோட்டைக்கு ரயில் விட்டது நீதாம்மா. எந்த மந்திரியும் விடல" என்றார்.

பெருமையில் எனக்குக் காது சுட்டது. ரயில் அணைக்கரையைத் தாண்டியது. அவர் நடை நின்றது.

"ஏம்மா, இது என்னத்துக்கு?"

"அது அங்கன இருக்குல்ல அண்ணாச்சி."

"இருக்குதான். இல்லங்கல. அது நம்ம யூனிட்டும் இல்ல. ஆனா இன்னைக்கு வெளியூர் ஆளுக வர்றாக. பிள்ளைக வருது. ஒரு கூரையப் போட்டு மூடிரு. உனக்கு என்ன, அஞ்சு நிமிச வேல."

அவர் அதட்டவில்லை. மகளிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். சித்தி டிரான்ஸ்பார்மரின் திருகை மெல்லக் குறைத்தாள். ரயில் நின்றது.

"கூரை போட்டா அது வேற எடமாயிரும் அண்ணாச்சி. அங்கன கூரை இல்ல. நான் பாத்ததத்தான் வச்சிருக்கேன். வேண்டாம்னா எல்லாத்தையும் லாரியில ஏத்திக்கிறோம்."

அந்த மண்டபத்தில் அண்ணாச்சியிடம் அப்படிப் பேசியவர்கள் அதற்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சித்தப்பா கையில் வைத்திருந்த ஒயர் கட்டைக் காரணமில்லாமல் பிரித்துச் சுற்றினார். அவர் லாரிக்கு வருடத்தில் பாதி லோடு அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது. அவர் சித்தியை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பாவும் போய்ப் பேசினார். ஒரு அட்டைத் துண்டுக்காக இவ்வளவா என்பதுதான் இருவர் பேச்சின் சாரமும். சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். லாரியில் ஏற்றுவதா வேண்டாமா என்று மட்டும் திருப்பிக் கேட்டாள்.

அண்ணாச்சிக்கு வியாபாரம் தெரியும். முகத்தில் சிரிப்பைத் திரும்ப வரவழைத்துக்கொண்டு, ரயில் ஓடட்டும் என்றார். போகிற போக்கில் ஒரு ஆளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்த ஆள் மேடையில் வைத்திருந்த பெரிய பித்தளைப் பூச்சாடியைத் தூக்கிவந்து சரியாக அந்த மூலையை மறைத்து மேஜைமேல் வைத்தான். சித்தி அதைத் தொடவில்லை. வைத்தவன் வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். சித்தி ஜெயித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் நேரில் பார்த்த முதல் வெற்றி அது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அங்கே இருந்த எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் ரயிலிடம் வந்தது. பிள்ளைகள் மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றார்கள். ரயில் அவர்கள் மூக்கு நுனியை உரசுவதுபோல் போனது. சித்தி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிறுத்தி, அடுத்து எந்த ஊர் என்று கேட்டாள். கத்திச் சொன்னார்கள். தகப்பன்மார் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிற சாக்கில் தாங்கள் எட்டிப் பார்த்தார்கள். நம்ம ரூமு எங்கன இருக்கு என்று பெண்கள் தேடினார்கள். ஒரு வடநாட்டு வியாபாரி கோயிலைப் படம் எடுத்துத் தன் மனைவிக்கு அனுப்பினார். சித்தி அன்று இருந்த அழகை இப்போதும் என்னால் சொல்ல முடியாது. தலைமுடியில் மரத்தூள், சேலையில் பசை, கை திருகின்மேல். ஒரு வட்டாரம் முழுவதையும் அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்த நேரத்தில், பூச்சாடிக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். சித்தியைவிட வயது குறைந்தவள். அண்ணாச்சி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுத்திருந்த அதே நிறச் சேலை கட்டியிருந்தாள். அவளோடு ஒரு சிறுவன், என்னைவிடச் சின்னவன், மேஜைக்கு அந்தப் பக்கம் ரயிலின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சித்தியின் பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, அந்த ரூமு வெம்பக்கோட்ட ரோட்டுல இருக்குதே, அதுதான?"

சித்தி தலையசைத்தாள்.

"அப்படியே இருக்குக்கா. செவரு சரிஞ்சது மொதக்கொண்டு." அவள் மகன் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இவங்க அப்பா அங்கனதான் வேல பாத்தாக. அன்னைக்கு உள்ளதான் இருந்தாக. இவன் அப்ப கைப்பிள்ள."

சித்தியின் கை திருகிலிருந்து விலகவில்லை. ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் சேலை நுனியை விரலில் சுற்றினாள்.

"அப்பா எங்கன வேல பாத்தாகன்னு தெனமும் கேப்பான். பஸ்ஸுல போறப்ப நான் வேற பக்கம் கையக் காட்டிப் பேச்ச மாத்திருவேன். இப்ப ரயிலோட சேத்துப் பாத்துருவான். இதப் பாத்தான்னா நான் என்னன்னு சொல்ல? அவுக நல்லா இருந்தப்ப இருந்த மாதிரி ஒரு கூரை மட்டும் இருந்தாப் போதும்க்கா. இதான்டா ஒங்கப்பா வேல பாத்த எடம்னு காட்டிருவேன்."

சித்தி என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். காலையில் அண்ணாச்சியிடம் சொன்னதையே சொல்வாள். அங்கே கூரை இல்லை. நான் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

சித்தி ரயிலை விருதுநகர் ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்தினாள். டீசல் போடுறாக, கொஞ்சம் பொறுங்க என்று பிள்ளைகளிடம் சொன்னாள். மேஜைக்கு அடியில் கிடந்த பிஸ்கட் பார்சல் பெட்டியை இழுத்து ஒரு பக்கத்தைக் கிழித்தாள். மேல்தாளை உரித்ததும் நெளி அட்டை வந்தது. அளவு பார்த்து வெட்டினாள். முள்ளை அடியோடு பிடுங்கினாள். சரிந்த சுவருக்கு வேறு அட்டை வெட்டி முட்டுக்கொடுத்து, கரி தெரியாமல் வெள்ளை தீட்டினாள். கை வேகமாக ஓடிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"கதவு என்ன கலரு?"

"பச்ச. வெயில்ல வெளுத்துப் போயிருக்கும்."

"வாசல்ல?"

"வேப்பங்கன்னு ஒண்ணு. அவுக வச்சதுதான். பக்கத்துல நீலக் கலர்ல தண்ணி டிரம்."

"அவுக எங்கன உக்காருவாக?"

 அந்தப் பெண் ஒரு விரலை நீட்டி, தொடாமல், ஒரு வாசலைக் காட்டினாள். "கெழக்க பாத்து. வெளிச்சம் அங்கனதான் நல்லா இருக்கும்பாக."

டீக்கடை மரத்தடியிலிருந்து ஒரு வேப்பங்கன்று பிடுங்கப்பட்டு இங்கே வந்தது. ஒரு பேனா மூடி வெட்டப்பட்டு நீல டிரம் ஆனது. சித்தி ஒரு தீக்குச்சியை எடுத்தாள். சற்று நேரம் அதைப் பார்த்தாள். மருந்துத் தலையைக் கத்தியால் சுரண்டி முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் களிமண்ணை உருட்டி வைத்தாள். வெள்ளைத் துணி சுற்றினாள். கிழக்கு வாசலில் உட்காரவைத்தாள். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பித்தளைப் பூச்சாடியைச் சித்தி தானே தூக்கிக் கீழே வைத்தாள்.

சிறுவனைக் கூப்பிட்டார்கள். சித்தி திருகை அவன் கையில் கொடுத்து, அவன் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். ரயில் கிளம்பியது. கோயிலைத் தாண்டி, சிவகாசியைச் சுற்றி, அணைக்கரைக்கு வந்து, அந்த ரூமுக்கு நேரே நின்றது. அவன் அம்மா குனிந்து அவன் காதருகே ஏதோ சொன்னாள். அவன் மோவாயை மேஜையில் வைத்து வாசல் வழியாக உள்ளே பார்த்தான்.

"இவுகதான் எங்கப்பாவா?"

"ஆமாய்யா" என்றாள் சித்தி.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரயில் இங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டான். நீ சொல்ற வரைக்கும் என்றாள் சித்தி. வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். சித்தி அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை.

எனக்கு அழுகை வந்தது. அவர்களுக்காக இல்லை. காலையில் அத்தனை பேர் முன்னால் கூரை போட மாட்டேன் என்று நின்ற சித்தி, ஊரே பார்க்கப் போட்டுவிட்டாள். அவள் சொன்னதை நான் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். இனி அது செல்லாது.

நான் பயந்ததுபோலவே அண்ணாச்சி வந்தார். வியாபாரிகள் இருவர் அவரோடு வந்தார்கள். பூச்சாடி கீழே இருப்பதையும் ரூம் பளிச்சென்று இருப்பதையும் கண்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, இப்ப எம்புட்டு லச்சணமா இருக்கு. காலையிலயே சொன்னேன்ல?"

அந்தப் பெண் மகனைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். நான் சித்தியைப் பார்த்தேன். நடந்ததைச் சொல், அவருக்காகப் போடவில்லை என்று சொல், என்று கண்ணாலேயே கெஞ்சினேன். சித்தி அந்தப் பெண்ணை ஒருதரம் பார்த்தாள். அண்ணாச்சியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க சொன்னது சரிதான்."

அவர் சந்தோஷமாக நகர்ந்தார். பக்கத்தில் வந்தவர்களிடம், நல்ல பிள்ளை, சொன்னால் கேட்டுக்கொள்கிறது என்று சொல்வது எனக்குக் கேட்டது. அடுத்த வருடமும் ரயில் நம் விழாவுக்குத்தான் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பாவின் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது.

பொழுது சாயும் முன் எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றினோம். சித்தி முன்னால் உட்கார்ந்து பக்கத்தில் எனக்கு இடம் வைத்துக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. பின்னால் சாமான்களோடுதான் வருவேன் என்று அடம்பிடித்து, அப்பாவோடு ஏறிக்கொண்டேன். தோற்றுப்போனதோடு நில்லாமல் சிரிக்கவும் செய்த ஒருத்தியின் பக்கத்தில் உட்கார எனக்கு மனமில்லை.

லாரி மண்டபத்தை விட்டுக் கிளம்பியது. வெம்பக்கோட்டையைப் பொருத்தியிருந்த பலகை என் காலருகேதான் இருந்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார். யாரும் பார்க்கவில்லை. அந்தக் கூரையை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எடுத்துவிட்டால் சித்தி காலையில் இருந்த சித்தியாகிவிடுவாள். சித்தி எந்தக் கூரையையும் ஒட்டமாட்டாள். உள்ளே வைத்த சின்ன பல்பை மாற்ற வேண்டியிருக்கும் என்று சும்மா மேலே வைப்பதோடு சரி. ஸ்டேஷன் கூரை, கோயில் மண்டபம், அண்ணாச்சி கடை, எல்லாமே விரலால் தூக்கினால் கையோடு வந்துவிடும்.

நகத்தை விளிம்பில் கொடுத்துத் தூக்கினேன். வரவில்லை. இன்னொரு பக்கம் தூக்கிப் பார்த்தேன். சுவர்தான் லேசாக அசைந்ததே தவிரக் கூரை அசையவில்லை. உள்ளே குனிந்து பார்த்தபோது தெரிந்தது. நாலு சுவரின் மேலும், இடைவெளி விடாமல், கெட்டியாகப் பசை போட்டிருந்தாள். இவ்வளவு பசையை அவள் எங்கேயும் போட்டு நான் பார்த்ததில்லை. அவசரத்தில் கை தவறிக் கொட்டிவிட்டது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.